வாக்கி-டாக்கியில் ‘பிரைவசி கோடு’ போட்டால் பேச்சு ரகசியமாகிவிடுமா?

“ஏ பிளாக் 302-ல ஆள் இல்ல, ஊருக்குப் போயிருக்காங்க. கூரியரை நீங்களே வாங்கி வைங்க.” அபார்ட்மென்ட் செக்யூரிட்டி வாக்கி-டாக்கியில் இப்படிச் சொன்னால் யார் காதில் எல்லாம் விழும்? ‘பிரைவசி கோடு போட்டிருக்கோமே’ என்று நிம்மதியாக இருந்தால், கொஞ்சம் பொறுங்கள்.

ஆன்லைனில் விதிமீறி விற்கப்பட்ட வாக்கி-டாக்கிகள் தொடர்பாக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 நோட்டீஸ்களை அனுப்பியது. என்ன அலைவரிசை, லைசென்ஸ் தேவையா என்ற விவரங்களைச் சரியாகச் சொல்லாமல் விற்றது முக்கியமான புகார். வாங்குபவர்கள் ஏமாறக்கூடிய இன்னொரு இடம் இந்த பிரைவசி கோடு.

கோடு என்ன செய்கிறது?

பட்டனை அழுத்திப் பேசும்போது, குரலோடு சேர்த்து 67 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு தாழ்ந்த ஒலியும் போகும். எதிர்முனை செட் அதை அடையாளம் கண்டால் மட்டுமே ஸ்பீக்கரைத் திறக்கும். வேறு கோடு வந்தால் மௌனம். இதற்கு சிடிசிஎஸ்எஸ் என்று பெயர். ஒலிக்குப் பதில் டிஜிட்டல் எண்ணை அனுப்புவது டிசிஎஸ்.

அதாவது, மற்றவர்கள் பேச்சு உங்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான். அதே சேனலில் கோடை ‘0’ அல்லது ‘ஆஃப்’ செய்து வைத்திருக்கும் யாருக்கும் உங்கள் பேச்சு தெளிவாகக் கேட்கும். கோடு என்பது கதவுக்குப் பூட்டு அல்ல, உங்கள் காதுக்குப் பஞ்சு.

608 சேனலா?

16 சேனல், 38 கோடு என்றால் பெருக்கி 608 என்று விளம்பரம் செய்ய முடியும். ஆனால் சாலை 16 தான். ஒரே சேனலில் இரண்டு குழுக்கள் வெவ்வேறு கோடில் ஒரே நேரத்தில் பேசினால் சிக்னல்கள் மோதும். யார் குறுக்கே வந்தார்கள் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

ட்ரெக்கிங்கில் இது ஆபத்து. வழி தவறிய ஒருவர் கோடு இல்லாமல் உதவி கேட்டால், உங்கள் செட் வாயே திறக்காது.

சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

• எல்லா செட்டிலும் சேனல், கோடு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

• வெவ்வேறு பிராண்ட் என்றால் கோடு எண்ணை நம்பாதீர்கள், ஹெர்ட்ஸ் அளவைப் பொருத்துங்கள். குழப்பமா? எல்லோரும் ‘0’-க்கு வாருங்கள்.

• பேசும் முன் ‘மானிட்டர்’ பட்டனை அழுத்தி, சேனல் காலியா என்று கேளுங்கள்.

• இந்தியாவில் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் செட்களுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அரசின் இடிஏ சான்று இருக்க வேண்டும். வாங்கும் முன் இரண்டையும் பாருங்கள்.

பேச்சை நிஜமாகவே மறைக்க என்கிரிப்ஷன் உள்ள டிஜிட்டல் ரேடியோ வேண்டும், அதற்கான அனுமதியும் வேண்டும். சாதாரண செட்டில் வீட்டு எண், பணம், சாவி பற்றிப் பேசாதீர்கள். அதற்கு ஒரு போன் கால் போதும்.