கறுப்பாக இருந்தால் மட்டும் போதுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னைவாசிகள் மறக்கமாட்டார்கள். அடையாறு கரை மீறியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மறுபடியும் அதே கதி.

தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் தேடியது எதை? நகை நட்டுக்கு அடுத்தபடி காகிதத்தைத்தான்! வீட்டுப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், கடன் பத்திரம், கடைக் கணக்கு. 2015 வெள்ளத்தில் போன ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசே தனி முகாம் நடத்த வேண்டியிருந்தது.

சான்றிதழுக்கு நகல் வாங்கலாம். அண்ணாச்சி கடைப் பற்று நோட்டுக்கு யார் நகல் கொடுப்பார்கள்?

நனைந்த காகிதத்தைக் காயவைத்துவிடலாம். அச்சு எழுத்து நிற்கும். பால் பாயிண்ட் பேனா மை எண்ணெய்ப் பசை உள்ளது. அதுவும் பெரும்பாலும் நிற்கும். பவுண்டன் பேனாவில் சாதாரணக் கறுப்பு மை ஊற்றி எழுதியிருந்தால்? நீலமும் ஊதாவுமாகக் கலைந்து ஓடிவிடும். நோட்டு இருக்கும், கணக்கு இருக்காது!

கடையில் நடக்கும் பேச்சு

பவுண்டன் பேனா பிடிப்பவர்கள் முன்னைப் போல இல்லை. ஆனாலும் இருக்கிறார்கள். வக்கீல் குமாஸ்தா இருக்கிறார், வாத்தியார் இருக்கிறார், கையெழுத்தாவது மைப் பேனாவில்தான் போடுவேன் என்று அடம் பிடிக்கும் அதிகாரி இருக்கிறார். நாள் முழுக்க எழுதுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். பேனாவை அழுத்த வேண்டாம், விரல் வலிக்காது. தீர்ந்துபோனால் குப்பையில் போடவும் வேண்டாம்.

இவர்கள் மை வாங்கும்போது நடக்கும் பேச்சை எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கேட்கலாம்.

"அண்ணே, நல்ல கறுப்பு இங்க்கு ஒண்ணு குடுங்க."

"எந்தக் கம்பெனி வேணும்?"

"எதுன்னாலும் சரி. நல்லா கறுப்பா இருந்தாப் போதும்."

கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. கறுப்பு என்பது நிறம். அது காகிதத்தில் நிற்குமா, ஓடுமா என்பது வேறு விஷயம். வாங்குகிறவர் அதைக் கேட்பதில்லை. விற்கிறவரும் சொல்வதில்லை.

மூன்று வகை மை

பேனாவில் ஊற்றும் கறுப்பு மையில் முக்கியமாக மூன்று ஜாதி உண்டு.

முதலாவது, சாயமை. தண்ணீரில் சாயத்தைக் கரைத்தது. கடையில் கிடைக்கும் பாட்டில்களில் பெரும்பாலானவை இதுதான். இந்தக் கறுப்பு பல சமயம் ஒரே கறுப்பு அல்ல. இரண்டு மூன்று சாயம் சேர்ந்த கூட்டு! சந்தேகம் இருந்தால் டிஷ்யூ காகிதத்தில் ஒரு சொட்டு மை விட்டு, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நீலம், ஊதா, சிவப்பு என்று வளையம் வளையமாகப் பிரிவது தெரியும். பேனாவுக்கு இந்த மை நல்லது, அடைக்காது, கழுவினால் போய்விடும். பேனாவிலிருந்து சுலபமாகப் போவது காகிதத்திலிருந்தும் சுலபமாகப் போகும். அதுதான் சிக்கல்.

இரண்டாவது, இரும்பு மை. இது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த சரக்கு. மாசிக்காய், கடுக்காய் இவற்றின் துவர்ப்புச் சத்தோடு அன்னபேதி உப்பைச் சேர்த்தால் மை. எழுதும்போது வெளிறி இருக்கும். காற்றுப் படப்பட இரும்பு கறுத்து, காகித நாரோடு ஒட்டிக்கொள்ளும். எழுதுகிறவர் கண்ணுக்கு அந்த நேரமே தெரிய வேண்டும் என்று நீலச் சாயம் கலந்தார்கள். 'புளூ பிளாக்' என்ற பேர் வந்த கதை இதுதான். இங்கிலாந்தில் கல்யாணம், பிறப்பு, சாவு பதிவேடுகளுக்கு இந்த மையைத்தான் வைத்தார்கள். அங்கே இதற்கு ரிஜிஸ்திரார் மை என்றே பெயர். ஆனால் ஒரு எச்சரிக்கை! இன்று 'புளூ பிளாக்' என்று விற்பதெல்லாம் இரும்பு மை அல்ல. வெறும் சாயத்தில் அந்த நிறத்தைக் கொண்டுவந்ததும் நிறைய உண்டு.

மூன்றாவது, கரி மை. கரித்தூளை மிகமிக நைசாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டது. கரி கரையாது, வெயிலுக்கும் வெளுக்காது. ஓலைச்சுவடியில் எழுத்தாணிக் கீறலுக்குள் விளக்குக் கரியைத் தடவினார்களே, அந்த எழுத்து நூற்றாண்டு தாண்டியும் கண்ணுக்குத் தெரிகிறது. ஜப்பானியக் கம்பெனிகளான பிளாட்டினமும் செய்லரும் இந்த வகையைப் பவுண்டன் பேனாவுக்கென்றே செய்கின்றன. விலைதான் கொஞ்சம் கடிக்கும். இங்கே ஒரு பாட்டில் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

இதற்கும் படம் வரையும் 'இந்தியன் இங்க்'குக்கும் வித்தியாசம் உண்டு. அதில் அரக்கு கலந்திருக்கும். 'அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு' என்று பேனாவில் ஊற்றினால் உள்ளே காய்ந்து கல்லாகிவிடும். பேனாவை மறந்துவிட வேண்டியதுதான்!

செக் ஜாக்கிரதை!

வெள்ளம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரலாம். திருடன் தினமும் வருவான்.

செக்கில் எழுதிய பேரையும் தொகையையும் ரசாயனம் போட்டு அழித்து, வேறு எழுதிப் பணம் எடுக்கும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. சாயமையில் எழுதிய செக் அந்தக் கைக்காரனுக்கு வெல்லக்கட்டி! இரும்பு மை தண்ணீருக்கு மசியாது. ஆனால் ஆக்ஸாலிக் அமிலத்துக்கு மசிந்துவிடும். நாருக்குள் இறங்கிவிட்ட கரியை அழிப்பதுதான் பெரும்பாடு.

2025 ஜனவரியில் ஒரு புரளி கிளம்பியது. செக்கில் கறுப்பு மையே கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டதாகக் கைபேசிக்குக் கைபேசி செய்தி பறந்தது. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. செக் எழுத இன்ன நிற மைதான் என்று ரிசர்வ் வங்கி கட்டளை எதுவும் போடவில்லை. படத்தில் தெளிவாக விழும் மையாக இருக்க வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது என்பதுதான் அதன் யோசனை.

படம் எதற்கு? சென்னையில் 2011 செப்டம்பரிலிருந்து செக் காகிதம் பாங்குக்குப் பாங்கு ஓடுவதில்லை. அதன் படம்தான் கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. வெளிறிய எழுத்தாக இருந்தால் படத்தில் தடுமாறும். ஆக, செக்குக்குக் கறுப்பு நல்லதுதான். அழியாத கறுப்பாக இருந்தால் ரொம்ப நல்லது.

புரோநோட்டு எழுதி வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். 1881-ம் வருஷச் சட்டம், 87-வது பிரிவு. சம்மதம் இல்லாமல் முக்கியமான இடத்தில் திருத்தினால், சம்மதிக்காதவரைப் பொறுத்தவரை அந்த நோட்டு செல்லாது. மை கலைந்து, "யார் திருத்தியது?" என்ற வழக்கு வந்தால் வக்கீல் பீஸே கடனைத் தின்றுவிடும்.

எதை வாங்குவது?

கடைக்குப் போனால் லேபிளைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'பெர்மனென்ட்' என்று போட்டிருக்கும். சீக்கிரம் வெளுக்காது என்பதற்கும் அப்படிப் போடுவார்கள். தண்ணீருக்கு நிற்கும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

எந்தக் காகிதத்தில் தினமும் எழுதுகிறீர்களோ அதிலேயே நாலு வரி எழுதுங்கள். வழவழப்புக் காகிதத்தில் நன்றாக இருக்கும் மை, மலிவான கணக்கு நோட்டில் வேர்விட்டுப் பரவும். பின்பக்கம் தெரிகிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒரு நாள் காயவிடுங்கள். இரும்பு மை கறுக்க அந்த அவகாசம் வேண்டும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் காகிதத்தில் பாதியை முக்கி, பத்து நிமிஷம் கழித்து எடுங்கள். எடுத்த எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த மை தேறியது.

இன்னொரு சோதனை பேனாவுக்கு. மை போட்டு மூடி, இரண்டு மூன்று நாள் சும்மா வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். உதறாமல், நக்கில் தேய்க்காமல் முதல் எழுத்தே விழ வேண்டும்.

தினமும் எழுதுகிறவர், ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவேன் என்றால் கரி மையே சரி. பேனா ஓடிக்கொண்டே இருந்தால் கரி அடைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். வெந்நீர் வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் தூங்கவிடுகிறவருக்குக் கரி மை ஆகாது. அவர் சாயமையே வைத்துக்கொள்ளட்டும். செக்குக்கும் பத்திரத்துக்கும் நல்ல பால் பாயிண்டை எடுக்கட்டும்.

கரி மையின் விலை கட்டுப்படியாகாதவருக்கு இரும்பு மை உண்டு. அது புளித்த தன்மை உள்ளது. மாதக்கணக்கில் பேனாவிலேயே விட்டால் எஃகு நிப்பை அரிக்கும். கழுவிக் கழுவி வைத்தால் வம்பில்லை.

விலையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். சாதாரணப் பேனா ஒன்றில் சுமார் 1 மில்லி மை பிடிக்கும். 60 மில்லி பாட்டில் என்றால் 60 தடவை ரொப்பலாம். கணக்குப் போட்டால் ஆயிரம் ரூபாய் மை கூட ஒரு தடவைக்கு ஒரு டீ காசுதான்.

எந்த மையானாலும் ஒரு கம்பெனி மையோடு இன்னொன்றைக் கலக்காதீர்கள். அடியில் கசடு தட்டிப் பேனா அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் ஆடை மிதந்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது

மை செய்வது நமக்குப் புதிதல்ல. 1931-ல் பம்பாயில் தண்டேகர் சகோதரர்கள் மைத்தூளும் மை மாத்திரையும் செய்து ஆரம்பித்ததுதான் இன்றைய கேம்லின். 1934-ல் வங்காளத்தில் சுதேசி வேகத்தில் பிறந்தது சுலேகா. ஓட்டுப் போட்ட விரலில் வைக்கிறார்களே, அந்த மையை 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூரில்தான் செய்கிறார்கள். வெளிநாடுகள் கூட வாங்கிப் போகின்றன.

விரலில் அழியாத மை செய்யத் தெரிந்த நாட்டில், பேனா மைப் பாட்டிலின் மேல் 'தண்ணீரில் கரையும்', 'தண்ணீரில் கரையாது' என்று ஒரு வரி அச்சடிக்க முடியாதா? மருந்துக்குக் காலாவதித் தேதி போடுகிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன கலந்தது என்று போடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் கணக்கையும் கையெழுத்தையும் தாங்கும் மைக்கு மட்டும் ஏன் இந்த மௌனம்? எல்லா பாட்டிலிலும் இந்த ஒரு வரி கட்டாயம் வர வேண்டும். அதுவும் தமிழில் வர வேண்டும்.

அதுவரை கடைக்காரர்கள் ஒரு காரியம் செய்யலாம். பெரிய செலவில்லை. விற்கும் ஒவ்வொரு மையிலும் ஒரு அட்டையில் ஒரு வரி எழுதி, பாதியைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடட்டும். "கறுப்பா ஒண்ணு குடுங்க" என்று வருகிறவர் அந்த அட்டையைப் பார்த்ததும், "தண்ணிக்கு நிக்கிறதைக் குடுங்க" என்பார். கேட்கிற ஜனம் மாறினால் கம்பெனிக்காரன் தானாக மாறுவான்.

வடகிழக்குப் பருவமழை வருஷா வருஷம் வரத்தான் போகிறது. வீட்டில் இருக்கும் மையில் இன்று ராத்திரியே ஒரு வரி எழுதிக் காயவையுங்கள். நாளைக் காலையில் குழாயடியில் காட்டுங்கள். எழுத்து ஓடினால், அந்த மையில் எழுதிய முக்கியமான பக்கங்களை இப்போதே போட்டோ பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.