மேஜைக் கடலில் ஒரு சண்டை

மதகடிப்பட்டு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. குண்டாங்குழி மகாதேவர் கோயில். கடல் நிச்சயமாக வராது! அப்பேர்ப்பட்ட ஊரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மீது பதினொரு போர்க் கப்பல்கள் நிற்கின்றன. இலை போட இடமில்லை என்ற வீட்டு அம்மாளின் புகாரைப் பிறகு விசாரிக்கலாம்.

பேரனுக்குப் பாய்மரக் கப்பல் செய்யும் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தன. ஒட்டி அலமாரியில் வைத்தால் தூசிதான் படியும். "சண்டை விடணும், தாத்தா!" என்றான். அது ஒன்றும் கஷ்டமில்லை. நீங்களும் செய்து பாருங்கள்.

கப்பலில் நீர்மட்டம் வரும் இடத்தில் சுற்றிலும் பென்சில் கோடு போடுங்கள். மெல்லிய ரம்பத்தால் கோட்டுக்குச் சற்றுக் கீழே அறுங்கள். கோட்டின் மேலேயே அறுத்த எங்கள் முதல் கப்பல் இன்னும் ஒருக்களித்துத்தான் நிற்கிறது! பிறகு உப்புத்தாளை மேஜையில் விரித்து, கோடு வரை தேயுங்கள். தடித்த அட்டையில் ஒட்டி நீலம் பூசினால் கடல் தயார். பாய்மர உச்சிகள் கைபட்டு ஒடியும். முன்கூட்டியே குறைத்து விடுங்கள். தூக்கும்போது அட்டையைத்தான் பிடிக்க வேண்டும்.

எந்தச் சண்டை? நம் கரையோரம் நடந்ததே இருக்கிறதே! 1783 ஜூன் 20, கூடலூருக்கு அப்பால். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் 15 கப்பல்கள். ஆங்கிலேயர் ஹ்யூஸிடம் 18. மூன்றுக்கு ஒன்றாக வைத்தால் ஐந்தும் ஆறும்.

பாய்மரக் கப்பல் காற்றுக்கு நேர் எதிரே போகாது. காற்று வரும் பக்கம் நிற்பவனே எப்போது மோதுவது என்று தீர்மானிப்பான். அன்று மேல்காற்று, வாய்ப்பு சுஃப்ரேனுக்கு. மாலை நாலு மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணி நேரம் பீரங்கிகள் முழங்கின. ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் இரு தரப்பிலும் ஏறக்குறைய நூறு நூறு பேர் மாண்டார்கள். குடிநீர் குறைந்து, மாலுமிகள் நோயில் வாட, ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்பினார்.

சில நாளில் சமாதானச் செய்தி வந்தது. ஐரோப்பாவில் பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தானது எப்போது தெரியுமா? ஜனவரி 20. சண்டைக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு!

"அப்போ செத்தவங்க எல்லாம் சும்மாவா தாத்தா?" என்று கேட்டானே பையன்! எனக்குப் பதில் வரவில்லை.

அவனே ஒரு விதி சேர்த்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இரண்டு பகடை உருட்ட வேண்டும். இரண்டிலும் ஆறு விழுந்தால் கடிதம் வந்துவிட்டது; ஆட்டம் முடிந்தது; ஜெயித்தவர் யாருமில்லை.

நேற்று மூன்றாவது சுற்றிலேயே விழுந்துவிட்டது. எனக்கு வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கொஞ்சம் வருத்தந்தான். ஆனால் பதினொரு கப்பல்களும் பத்திரமாக அலமாரி சேர்ந்தன. மேஜைக்கு இலையும் வந்தது.