பிளக்கைப் பிடுங்கினால் போதாது!

வால்வு வைத்து 'பிரீ-ஆம்ப்ளிபயர்' கட்டப்போகிறேன் என்று உங்கள் பிள்ளை கிளம்பியிருக்கிறானா? தடுக்காதீர்கள். ஆனால் பக்கத்தில் உட்காருங்கள்.

இசைத்தட்டின் ஊசி எழுப்பும் மின்சாரம் மிக மெலிந்தது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் 5 பங்குதான் தேறும்! அதைப் பெரிதாக்குவதே இந்தக் கருவியின் வேலை.

முதல் முயற்சிக்கு 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு நல்லது. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு வால்வுகள் அடக்கம். 1940-களில் பிறந்த இதை ருஷியாவிலும் சீனாவிலும் இன்னும் செய்கிறார்கள்.

இழை சூடேற 6.3 வோல்ட் போதும். தகட்டுக்கோ 250 வோல்ட் கொடுப்பார்கள். ஆபத்து அங்கேதான்!

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிரே போகலாம். கண்டென்சரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டால், அது மெல்ல வடிந்துவிடும். சில ரூபாய்ச் சாமான். அதிலும் மிச்சம் பிடிப்பவர்களை என்னவென்று சொல்வது? வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கவேண்டும்.

முதல் நாள் பாட்டுக்குப் பதில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரலாம். பிள்ளையைத் திட்டாதீர்கள். ஊசியிலிருந்து வரும் கம்பி டிரான்ஸ்பார்மரை ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள்.