முள்ளெலி என்று ஒரு ஜீன்

பிள்ளைக்குப் பெயர் வைக்க நாம் பஞ்சாங்கம் பார்க்கிறோம். போதாததற்கு நியூமராலஜிக்காரரிடம் போய் ஒரு 'ஹெச்' கூடுதலாக வாங்கி வருகிறோம். ஜீனுக்குப் பெயர் வைக்கிறவர்கள் இத்தனை மெனக்கெடுவதில்லை. அதிலும் ஈக்காரர்கள் சுத்தம்!

ஈக்காரர்கள் என்றால் பழ ஈயை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள். அழுகின வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற அம்மாளும் எரிக் வீஷாஸும், இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஈயின் புழுக்களையே பார்த்தார்கள். எந்த ஜீன் கெட்டால் உடம்பில் எது கோணலாகிறது என்று கணக்கெடுப்பு. 1980-ல் பட்டியல் வெளிவந்தது. 1995-ல் நோபல் பரிசு.

ஒழுங்கான புழுவின் வயிற்றில் ஒரு பட்டை முள், ஒரு பட்டை வழவழப்பு என்று மாறி மாறி வரும். ஒரு ஜீன் கெட்ட புழுவில் வழவழப்பையே காணோம், ஒரே முள்! 'ஹெட்ஜ்ஹாக்' என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதாவது முள்ளெலி. (முள்ளம்பன்றி வேறே. அது பெரிசு.)

இந்த பி.காம்.காரனுக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். கையையோ மூக்கையோ பார்சல் கட்டி வைத்திருக்கிற ஜீன் இல்லை இது. ஒரு புரதத்தைக் கசியவிடுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு வந்தது, எத்தனை நேரம் வந்தது என்பதை வைத்து அக்கம்பக்கத்து செல்கள் தாங்கள் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்கின்றன. தெருமுனையில் பஜ்ஜி போட்டால் வாசனையை வைத்தே கடை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுகிறோமே, அந்த மாதிரி. இடம் தெரிந்தால் வேலை தெரிந்துவிடும்.

பிறகு எலியிலும் கோழியிலும் இதன் சொந்தக்காரர்கள் அகப்பட்டார்கள். இரண்டுக்கு நிஜ முள்ளெலிகளின் பெயர்: பாலைவன முள்ளெலி, இந்திய முள்ளெலி. இன்னொன்றுக்கு ஹார்வர்டில் ராபர்ட் ரிடில் என்பவர் வீடியோ கேமில் ஓடுகிற நீல முள்ளெலியின் பெயரை வைத்தார். 'சானிக் ஹெட்ஜ்ஹாக்'. வருஷம் 1993.

கருவில் கை முதலில் ஒரு சின்ன மொட்டு. அதன் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் சானிக் கசிகிறது. நிறைய நேரம் கிடைத்த பக்கம் சுண்டுவிரல். கட்டைவிரலுக்கு அது தேவையே இல்லை. தப்பித்தவறி அந்தப் பக்கமும் கசிந்தால் அங்கே ஓர் உபரி விரல்! இதற்கான சுவிட்ச், ஜீனிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே போதும். என் காலேஜில் இரட்டைக் கட்டைவிரல்காரன் ஒருவன் இருந்தான். அதிர்ஷ்டம் என்று காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சைக்கு முன்னால் எல்லோரும் அவன் கையைத் தொட்டுவிட்டுப் போனோம். எல்லோரும் பாஸ். அவனுக்கு மட்டும் அரியர்ஸ்.

சிரிப்பு இதுவரைக்கும்தான். கருவின் மூளை இரண்டு பாதியாகப் பிரிவதற்கும், முகத்தின் நடுப்பகுதி அமைவதற்கும் இதே சானிக் வேண்டும். மனிதரில் இதன் ஒரு பிரதி கெட்டால் மூளை சரியாகப் பிரியாமல் போகலாம் என்று 1996-ல் தெரிந்தது. ரொம்பக் கடுமையாகிவிட்டால் ஒற்றைக் கண்ணோடு பிறக்கிற குழந்தை, பிழைப்பதில்லை. அதே கெட்ட பிரதியை வைத்திருக்கிற அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மேல்வரிசையில் முன்பல் இரண்டுக்குப் பதிலாக ஒன்று இருக்கும். அதுகூட இல்லாமலும் இருக்கலாம்.

அவர்கள் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மூர் அம்மா என்றால், 'பப்பாளி சாப்பிட்டேனே, கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தேனே' என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பாள். "உங்க மேல தப்பு இல்லம்மா" என்று ஆரம்பிக்கிற டாக்டர், அடுத்த வரியில் வீடியோ கேம் பொம்மையின் பெயரைச் சொல்லியாக வேண்டும்!

2006-ல் இந்த மாதிரிப் பெயர்களை மாற்றலாமா என்று பேச்சு எழுந்தது. மாற்றினால் பழைய கட்டுரைகளையெல்லாம் தேடி எடுப்பது பாடு என்கிறார்கள். லெட்ஜரில் பெயர் மாற்றின அவஸ்தை எனக்கும் தெரியும். ஆனாலும் என் ஓட்டு அந்த அம்மாவுக்குத்தான். சானிக் இன்னும் சானிக்காகத்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் சுருக்கமாக எஸ்.ஹெச்.ஹெச். என்று போட்டுக்கொள்ளலாம். விரிவாக என்னவென்று பெற்றவர்கள் கேட்காதவரை சௌகரியம்.

கேட்கத்தான் செய்வார்கள்.