'ஹோம்' போதுமா, 'புரோ' வேணுமா?

புது லேப்டாப் வாங்கப் போறீங்களா? வாழ்த்துகள்! கடைக்குள் நுழைந்ததும் கலர், எடை, பேட்டரி, கேம் ஓடுமா என்று நூறு கேள்வி கேட்பீர்கள். பில் போடும் நேரத்தில் கடைக்காரர் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பார். "விண்டோஸ் 11-ல ஹோம் போதுமா தம்பி, புரோ வேணுமா?" அங்கேதான் நம்ம ஆட்கள் திருதிருவென முழிப்பாங்க. 'புரோ' என்ற பெயரிலேயே ஒரு கெத்து இருக்கே! 'ஹோம்' என்றால் அப்பா கரண்ட் பில் கட்டவும், அம்மா சீரியல் பார்க்கவும் கொடுத்த சமாச்சாரம் மாதிரி ஒரு ஃபீலிங். கூட வந்த நண்பன் வேறு, "மச்சி, இன்ஜினீயரிங் படிக்கிற... புரோதான்டா கரெக்ட்" என்று ஏத்திவிடுவான். காசு கொடுப்பது அவன் இல்லையே!

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஹோம் போதும். அதைவிட முக்கியமான ஒரு சமாச்சாரத்தில் கோட்டை விட்டால், ஃபைனல் இயர் புராஜெக்டே காற்றில் போகிற ஆபத்து இருக்கு. முதலில் இந்த 'எடிஷன்' பஞ்சாயத்தை முடிச்சுட்டு அதற்கு வருவோம்.

ஒரே சாஃப்ட்வேரை ஏன் இத்தனை பெயரில் விற்கிறார்கள்? இது பழைய கதை பாஸ். 2001-ல் எக்ஸ்.பி. வந்தபோது கடையில் இரண்டே வகைதான். ஹோம், புரொஃபஷனல். அப்புறம் நம்ம ஊர் மாதிரி நாடுகளுக்கு என்று 'ஸ்டார்ட்டர் எடிஷன்' ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு நேரத்தில் மூன்று புரோகிராம்தான் ஓடும். நாலாவதைத் திறந்தால், 'ஒன்றை மூடிட்டு வா' என்று சொல்லும்! 2007-ல் விஸ்டா வந்தது. ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று ஆறு வகை. கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஜன்னல்தான் விஸ்டாவின் அழகே. ஹோம் பேசிக் வாங்கியவருக்கு அது கிடையாது. அமெரிக்காவில் 399 டாலர் கொடுத்து அல்டிமேட் வாங்கியவர்களுக்கு 'எக்ஸ்ட்ராஸ்' தருவதாகச் சொன்னார்கள். ஒரு சீட்டாட்டம், அசையும் வால்பேப்பர், சில சத்தங்கள்... இந்த மாதிரி சில்லறைச் சமாச்சாரங்கள்தான் வந்தன. 2009-ல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் இன்னும் கூத்து. டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற முடியாது. தலைவர் படத்தை வைக்க முடியாத கம்ப்யூட்டர் என்ன கம்ப்யூட்டர்?

இதில் ஒரு ரகசியம் ஒளிஞ்சிருக்கு. விஸ்டா காலத்திலிருந்தே டி.வி.டி. ஒன்றுதான். கடையில் விற்ற எடிஷன்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. நீங்கள் தட்டும் 25 எழுத்து 'கீ' எந்த அறையைத் திறக்கிறதோ, அதுதான் உங்கள் எடிஷன். இப்போதும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கும் விண்டோஸ் 11 ஃபைலுக்குள் ஹோம், புரோ, எஜுகேஷன் மூன்றும் இருக்கு. அதனால் ஹோமிலிருந்து புரோவுக்குப் போக ஃபார்மட் எதுவும் வேண்டாம். கீ போட்டு, ஒரு ரீஸ்டார்ட். ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஆனால் புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க இப்படி ஒரு சுலபமான வழி கிடையாது, கொடுத்த காசும் திரும்பாது. சந்தேகம் இருந்தால் எதிலிருந்து ஆரம்பிக்கணும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, புரோவில் அப்படி என்னதான் கூடுதல்? முதலில் இல்லாததைச் சொல்கிறேன். வேகம் கூடாது. கேம் பளிச்சென்று ஓடாது. பேட்டரி நீடிக்காது. வைரஸ் தடுக்கும் 'டிஃபெண்டர்' இரண்டிலும் ஒன்றுதான். ஹோம் 128 ஜி.பி. ரேம் வரை தாங்கும், புரோ 2 டி.பி. வரை தாங்கும் என்று கணக்கு இருக்கு. நம்ம லேப்டாப்பில் இருப்பது 8 அல்லது 16. விடுங்க!

நிஜமான வித்தியாசம் நாலைந்து இடத்தில்தான். உங்கள் கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து 'ரிமோட் டெஸ்க்டாப்' மூலம் நுழையணும் என்றால் அந்த கம்ப்யூட்டரில் புரோ இருக்கணும். ஹோமிலிருந்து வேறு மெஷினுக்குள் போகலாம். ஹோமுக்குள் அந்த வழியில் வர முடியாது. 'ஹைப்பர்-வி' என்ற வர்ச்சுவல் மெஷின் வசதி, சந்தேகமான ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு சுத்தமாகத் துடைத்துப் போடும் 'சாண்ட்பாக்ஸ்', 'குரூப் பாலிசி', கம்பெனி நெட்வொர்க்கின் 'டொமைன்'-ல் சேர்க்கும் வசதி, 'பிட்லாக்கர்' பூட்டின் முழுக் கட்டுப்பாடு... இவையெல்லாம் புரோ ஐட்டங்கள்.

இதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு உறுத்துவது ஹைப்பர்-வி ஒன்றுதான். கவலையே வேண்டாம். லினக்ஸ் கமாண்ட் பழக 'டபிள்யூ.எஸ்.எல்.' இருக்கு, ஹோமிலேயே ஓடும். 'டாக்கர் டெஸ்க்டாப்'பும் அதன் மேல் ஏறி ஹோமில் ஓடும். வர்ச்சுவல் மெஷின்தான் வேணும் என்றால் 'வர்ச்சுவல்பாக்ஸ்' இலவசம். பைத்தான், ஜாவா, சி எல்லாம் எந்த எடிஷன் என்று கேட்கவே கேட்காது.

அப்போ யாருக்குத்தான் புரோ? விண்டோஸ் சர்வர், ஆக்டிவ் டைரக்டரி என்று சிஸ்டம் அட்மின் வேலைக்குக் குறி வைத்துப் படிக்கிறவர்கள், ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீட்டு மெஷினுக்குள் தினமும் நுழைய வேண்டியவர்கள், சொந்த லேப்டாப்பில் புரோ இருந்தால்தான் வேலை என்று கம்பெனி சொல்லிவிட்ட இன்டர்ன்கள். இன்னொரு கூட்டமும் உண்டு. டிசைன் சாஃப்ட்வேர் சிலவற்றின் தேவைப் பட்டியலில் எந்த விண்டோஸ் எடிஷன் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் துறை லேபில் எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன் என்று கேட்டு, அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சீனியரின் வாய்மொழி மட்டும் போதாது.

மைக்ரோசாஃப்ட்டின் அமெரிக்க விலைப்படி ஹோம் 139 டாலர், புரோ 199 டாலர். ஹோமிலிருந்து பிறகு ஏறினால் 99 டாலர். லேப்டாப்போடு சேர்த்து வாங்கும்போது வித்தியாசம் குறையலாம். எவ்வளவு குறைந்தாலும் சரி, அந்தக் காசை ரேமில் போடுங்கள் என்பது என் கட்சி. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம் போதும் என்பது பேப்பரில் மட்டும்தான். பிரவுசரில் பத்து டேப், ஒரு எடிட்டர், ஒரு வீடியோ கால் திறந்து பாருங்கள், தெரியும் சேதி. 8 ஜி.பி. புரோவைவிட 16 ஜி.பி. ஹோம் எவ்வளவோ மேல்.

காலேஜில் இன்னொன்றும் விசாரியுங்கள். சில கல்லூரிகள் மைக்ரோசாஃப்ட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் மாணவர்களுக்கு 'எஜுகேஷன்' எடிஷன் கீ கிடைக்கும். பெயரைப் பார்த்து ஸ்கூல் பசங்க சரக்கு என்று நினைச்சுடாதீங்க. அது பெரிய கம்பெனிகள் வாங்கும் 'என்டர்பிரைஸ்' எடிஷனின் தம்பி. புரோவில் இருப்பது எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் 'எஜுகேஷன் என்' என்று ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஐரோப்பிய யூனியன் 2004-ல் போட்ட உத்தரவால் பிறந்த பிள்ளை அது. மீடியா பிளேயர் சமாச்சாரங்களை உருவி எடுத்திருப்பார்கள்.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன ஆபத்து. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புது லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுத்தான் இருக்கு. ஹோமில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர். லேப்டாப்பைத் திருடியவன் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் ஒன்றும் படிக்க முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் பயாஸ் அப்டேட் ஆனாலோ, சர்வீஸில் மதர்போர்டு மாற்றினாலோ, லினக்ஸை இரண்டாவதாகப் போடப் போய் செக்யூர் பூட்டை நோண்டினாலோ, திடீரென்று நீலத் திரை வந்து 48 இலக்க 'ரிகவரி கீ' கேட்கலாம். பாஸ்வேர்டு தெரிந்தாலும் பிரயோஜனமில்லை. அந்த 48 இலக்கம் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எதுவும் உங்களுடையது இல்லை. மைக்ரோசாஃப்ட்டிடமே கெஞ்சினாலும் அவர்களால் எடுத்துத் தர முடியாது.

அந்தக் கீ எங்கே இருக்கும்? முதன்முதலில் செட்டப் செய்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டார்களோ, அதற்குள். இப்போது யோசியுங்கள். விண்டோஸ் 11 ஹோம் செட்டப்பின்போது இன்டர்நெட்டும் அக்கவுண்ட்டும் கட்டாயம் கேட்கும். "நீங்க ஏன் சிரமப்படுறீங்க, நானே ரெடி பண்ணித் தர்றேன்" என்று கடைப் பையன் தன் மெயில் ஐ.டி.யைப் போட்டு முடித்துக் கையில் கொடுத்தால்? சாவி அவன் வீட்டில், பெட்டி உங்கள் வீட்டில்! மூன்று வருஷம் கழித்து, வைவாவுக்கு முந்தின நாள் நீலத் திரை வந்தால் அந்தப் பையனை எங்கே போய்த் தேடுவீர்கள்?

அதனால் செட்டப் உங்கள் கையால், உங்கள் மெயில் ஐ.டி.யில் நடக்கட்டும். ஏற்கெனவே வேறு யாரோ செய்திருந்தால், உங்கள் அக்கவுண்ட்டில் நுழைந்து, செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, பூட்டு முழுசாகத் திறக்கும் வரை காத்திருந்து, மறுபடி போடுங்கள். புதுக் கீ உங்கள் அக்கவுண்ட்டில் போய் உட்காரும். பிறகு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் தளத்தில் 'டிவைசஸ்' பகுதியில் அது நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கத்தையும் ஒரு பேப்பரில் எழுதி, அம்மாவின் பீரோவில் வைத்துவிடுங்கள். அதே லேப்டாப்புக்குள் நோட்பேடில் சேமித்து வைக்கிற புத்திசாலிகளும் உண்டு... சிரிக்காதீங்க!

காலேஜ் மெயில் ஐ.டி.யிலும் இதே சிக்கல். 'இந்த டிவைஸை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கட்டுமா' என்று கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓகே கொடுத்தால், சொந்த லேப்டாப் காலேஜ் சொத்து மாதிரி ஆகிவிடும், ரிகவரி கீ அங்கே போய்ச் சேரவும் வாய்ப்பு உண்டு. படிப்பு முடிந்ததும் ஐ.டி.யை மூடிவிடுவார்கள். காலேஜ் மெயில் மெயிலுக்கு மட்டும்.

மற்ற சில்லறைச் சந்தேகங்கள். பெட்டியில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். மெனு எல்லாம் ஒரே மொழியில் வரும், அவ்வளவுதான். தமிழ் டைப்பிங்குக்குத் தடை இல்லை. தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கு. 'எஸ் மோட்' என்று இருந்தால் ஸ்டோரில் உள்ள ஆப் மட்டும்தான் ஏறும். அதை இலவசமாக அணைத்துவிடலாம், ஆனால் திரும்பப் போட முடியாது.

'எல்.டி.எஸ்.சி. போடு மச்சி, லைட்டா ஓடும்' என்று ஒரு சீனியர் எல்லா ஹாஸ்டலிலும் இருப்பார். அது மருத்துவக் கருவி, ஃபேக்டரி மெஷின் மாதிரி வருஷக்கணக்கில் மாறாமல் ஓட வேண்டிய இடங்களுக்கு என்று செய்தது. தனி ஆட்களுக்கு விற்பதே கிடையாது. அவர் கொடுக்கும் பென் டிரைவில் வேறு என்னென்ன இருக்கு என்பது அவருக்கே தெரியாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஒரிஜினல் புரோ கீ'யும் அதே ரகம். ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த லைசென்ஸிலிருந்து உருவியதாக இருக்கலாம். இன்று வேலை செய்யும், ஒருநாள் ரத்தாகும். கிராக் பக்கம் போகவே போகாதீங்க. வைரஸ் தடுப்பை அணைச்சுட்டுப் போடு என்று சொல்கிற சாஃப்ட்வேரை எந்த தைரியத்தில் நம்புவது? அதுக்கு ஆக்டிவேட் செய்யாத விண்டோஸே தேவலை. மூலையில் ஒரு வாசகம் தெரியும், செட்டிங்ஸ் வழியாக வால்பேப்பர் மாற்ற முடியாது. மானம் போகும், டேட்டா போகாது.

ஆனால் எடிஷனைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது புராசஸர். 'ஸ்னாப்டிராகன்' லேப்டாப்பில் ஓடுவது 'ஆர்ம்' வகை விண்டோஸ் 11. பேட்டரி பிரமாதம்தான். வழக்கமான புரோகிராம்கள் பலவும் ஓடிவிடும். ஆனால் தனக்கென்று டிரைவர் கேட்கும் சாதனங்களுக்கு ஆர்ம் டிரைவர் இருந்தே ஆகணும். பழைய பிரின்டர், லேபில் தரும் புரோகிராமர் போர்டு மாதிரி சமாச்சாரங்கள் மக்கர் செய்யலாம். லேபில் கொடுக்கும் இன்டெல் வகை வர்ச்சுவல் மெஷின் ஃபைலும் நேரடியாக ஓடாது. ஈ.சி.ஈ., ஈ.ஈ.ஈ. மக்களே, விசாரிக்காமல் வாங்காதீங்க. ஹோமைப் புரோவாக மாற்றலாம், புராசஸரை மாற்ற முடியாது.

அண்ணன் விட்டுப்போன பழைய லேப்டாப்தான் என்கிறீர்களா? விண்டோஸ் 10-க்கான சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேணும். மைக்ரோசாஃப்ட்டின் 'பி.சி. ஹெல்த் செக்' போட்டுப் பார்த்தால் தேறுமா என்று சொல்லிவிடும். தேறாவிட்டால் லினக்ஸ் போட்டு நாலு வருஷத்தை ஓட்டலாம், அதில் ஹோமும் இல்லை, புரோவும் இல்லை. போடுவதற்கு முன்னால் டிஸ்க் பூட்டியிருக்கா என்று ஒரு தடவை பார்த்துடுங்க.