பதினைந்து நாளில் முடிந்துவிடுமா சிகிச்சை?

நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் சுகாதாரத் துறையின் முறை வரும்போதெல்லாம் உறுப்பினர்கள் கேட்பவை பெரும்பாலும் மூன்றே விஷயங்கள். எங்கள் பகுதிக்கு எய்ம்ஸ் எப்போது? படுக்கைகள் எத்தனை? மருத்துவர் பணியிடங்கள் எத்தனை காலி? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் பிறகு என்ன ஆனார் என்ற கேள்வி அவையில் எழுவது அபூர்வம்.

2020 மே மாதத்தில் 50,000 செயற்கை சுவாசக் கருவிகள் வாங்க பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து ரூ. 2,000 கோடி ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 10-ம் தேதி இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து 11 கரோனா நோயாளிகள் இறந்தபோது நாடே அதிர்ந்தது. கருவியும் ஆக்சிஜனும் உயிர் காக்கும் என்பதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டோம். காக்கப்பட்ட உயிர் அதன்பின் எப்படி வாழ்கிறது என்பதில்தான் இன்னும் கவனம் திரும்பவில்லை.

2022 ஏப்ரலில் இரு மாவட்டங்களாகப் பிரிந்த சித்தூர், திருப்பதி பகுதி மருத்துவ வசதியில் பின்தங்கியதல்ல. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவு பெற்ற ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம், மாற்றுத்திறனாளிகளின் அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்குமான பர்ட் மருத்துவமனை, 2021-ல் திறக்கப்பட்ட பத்மாவதி குழந்தைகள் இருதய மருத்துவமனை, ரூயா ஆகிய அனைத்தும் திருப்பதியிலேயே உள்ளன. சித்தூர் மக்களுக்கு வேலூர் சி.எம்.சி. இன்னும் அருகில். சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தின் தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளிண்டனே தொடங்கி வைத்தார்.

ஆயினும், உண்ணிக் காய்ச்சலிலோ பூச்சிமருந்து நஞ்சிலோ சிக்கி, இரண்டு வாரம் செயற்கை சுவாசத்தில் கிடந்து மீண்ட ஒரு விவசாயக் கூலியை எண்ணிப் பாருங்கள். கைகால் தசைகள் வலுவிழந்திருக்கும். விழுங்குவதே சிரமமாகலாம். மறதி, தூக்கமின்மை, காரணமற்ற அச்சம், மனச்சோர்வு தொடரலாம். மருத்துவ உலகம் இவற்றைத் தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய பாதிப்புகளின் தொகுப்பு எனப் பெயரிட்டு அங்கீகரித்திருக்கிறது. அருகிருந்து கவனிப்பவரின் மனநலமும் குலையும் என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. இக்குடும்பத்தில் இருவரின் கூலி ஒருசேர நின்றுபோகிறது.

அரசுகள் இதை அறியாமலில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வெடுக்கும் ஏழைகளுக்கு நாளொன்றுக்கு ரூ. 225, மாதத்துக்கு ரூ. 5,000-க்கு மிகாமல் வழங்கும் ஆரோக்கிய ஆசரா திட்டத்தை 2019 டிசம்பரில் ஆந்திர அரசு தொடங்கியது. ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை ஏற்ற நல்ல முயற்சி அது. ஆனால் பணம் மட்டும் கால்களுக்கு வலுவூட்டாது. பிசியோதெரபியும் உணவு ஆலோசனையும் மனநல உதவியும் வேண்டும்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ, மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் 15 நாள் செலவை மட்டுமே ஏற்கிறது. படுக்கையிலிருந்து எழுந்து நிற்கவே அதைவிட அதிக நாள் தேவைப்படுவோர் பலர். தீவிர சிகிச்சை முடிந்த 2 முதல் 3 மாதங்களில் நோயாளியை மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டி நெறி 2009-லேயே வகுத்தது. நமது சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டி நெறி 2024 தொடக்கத்தில் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரைச் சேர்ப்பது, எப்போது வெளியே மாற்றுவது என்பதே அதன் பொருள்.

படுக்கைகளுக்கே தட்டுப்பாடு நிலவும் நாட்டில் இது ஆடம்பரம் என்பார்கள். லட்சக்கணக்கில் செலவிட்டுக் காத்த உயிரை, சில ஆயிரம் ரூபாய்க் கவனிப்பு இன்றி மீண்டும் படுக்கைக்கே அனுப்புவதுதான் உண்மையான வீண்செலவு. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்ற பதிலும் இங்கு செல்லாது. அந்த 15 நாள் வரம்பை விதித்தது தில்லிதான்.

புதிய கட்டடங்கள் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. ஆந்திரமும் 2023-ல் குடும்ப மருத்துவர் திட்டத்தில் மருத்துவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பெரிய மருத்துவமனையையும் கிராமச் செவிலியரையும் இணைக்கும் கண்ணிதான் வேண்டும். வேலூரில் பிழைத்த சித்தூர்க்காரரின் சிகிச்சை விவரம் மாநில எல்லையைத் தாண்டி அவரது ஊர்ச் செவிலியருக்குச் சேர வேண்டும். தேசிய மின்னணு சுகாதார அட்டை இதற்குக்கூடப் பயன்படாவிட்டால் வேறு எதற்கு?

காப்பீட்டின் 15 நாள் வரம்பை, தீவிர சிகிச்சை பெற்றோருக்கேனும் 90 நாளாக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள் தொடர்கவனிப்புப் பிரிவு இயங்க வேண்டும். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில், வெளியேற்றக் குறிப்பு நோயாளி படிக்கும் மொழியில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை சுகாதார மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, எத்தனை படுக்கை என்று கேட்கும் உறுப்பினர்கள், அப்படுக்கையிலிருந்து எழுந்தவர்களில் எத்தனை பேர் மீண்டும் வேலைக்குத் திரும்பினர் என்றும் கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை தேடும் கட்டாயம் வந்தால்தான் அரசு கணக்கெடுக்கத் தொடங்கும்.