தாய் தந்த இரு ஆஸ்திகள்

தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவன யாவும் ஒரே வழியில் வருவதாகவே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். வழிகள் இரண்டு உண்டு. விக்டோரியா மகாராணியின் வம்சமே அதற்குச் சாட்சி.

நமது ஜீவ அணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. உணவின் சத்தைச் சக்தியாக மாற்றுவது அவற்றின் தொழில். அவற்றுக்கென்று 37 ஜீன்கள் கொண்ட தனி டி.என்.ஏ. உண்டு. தாயின் கருமுட்டையோடு வரும் அதனை மகனும் பெறுகிறான், மகளும் பெறுகிறாள். அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவளோ மகள்தான்.

எக்ஸ் குரோமோசோம் அப்படியன்று. ஸ்திரீகளுக்கு அது இரண்டு. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. புருஷனுக்குத் தாய் தந்த ஒன்றே. அதை அவன் தன் புதல்வியர் அனைவருக்கும் கொடுப்பான், புதல்வருக்குக் கொடான்.

மகாராணியின் எக்ஸ் ஒன்றில், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயின் வித்து இருந்தது. அது அவருடைய மகன் லியோபோல்டைப் பீடித்தது. 1884-இல் அவர் காலமானார். அவருடைய மகள் நோயின்றி வாழ்ந்தாள். அவள் மகன் ரூபர்ட்டுக்கோ அந்நோய் வந்தது. இவ்வாறு அந்த எக்ஸ் ஓர் ஆண்மகன் வழியாகவும் கடந்து சென்றது. அவர் தாயிடம் பெற்ற மைட்டோகாண்ட்ரியாவோ அவரோடு முடிந்தது.

மகாராணியின் மகள் ஆலிஸின் புதல்வி அலெக்ஸாண்ட்ரா ருஷ்யச் சக்கரவர்த்தினியானார். அவர் மகன் அலெக்ஸியும் ஹீமோபிலியாவால் வருந்தினான். 1918 ஜூலையில் எகாடெரின்பர்க் நகரில் அக்குடும்பத்தார் அனைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1991-இல் அந்நகருக்கு அருகே தோண்டியெடுத்த எலும்புகள் அவர்களுடையவைதாமா? அலெக்ஸாண்ட்ராவின் தமக்கையுடைய மகளுக்குப் பிறந்தவர் பிரிட்டிஷ் இளவரசர் பிலிப். இடையில் ஆண் எவரும் இல்லாத தாய்வழி அது. அவர் ரத்தத்தைக் கொண்டு ஒப்பிட்டபோது, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சக்கரவர்த்தினியுடையதோடும் அவர் புதல்வியர் மூவருடையதோடும் பொருந்திற்று. ஆனால் பிலிப்புக்கு ஹீமோபிலியா இல்லை. ஒரு மூதாட்டியின் ஓர் ஆஸ்தி அவரை அடைந்தது, மற்றது அடையவில்லை.

இதில் விந்தை ஒன்றுமில்லை. மைட்டோகாண்ட்ரியாவைத் தாய் தன் மக்கள் எல்லோருக்கும் தருகிறாள். நோய்வித்துள்ள எக்ஸையோ ஒவ்வொரு குழந்தைக்கும் தரலாம், தராமலும் போகலாம். இரண்டுக்கும் வாய்ப்புச் சமம். அதைத் தேர்ந்து கொடுப்பது தாயின் கையில் இல்லை.

மகனுக்கு நோய் வந்தால் மருமகளின் குலத்தைக் குறைகூறும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவ்வீட்டார் லியோபோல்டை நினைவிற்கொள்ளட்டும். பேரனுக்கு நோய்வித்தை அளித்தவர் பாட்டனார். தாய் அதனைச் சுமந்து வந்தாள், அவ்வளவே.